பேரை இறக்காத பாட்டு

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். என் மனைவி செல்வாம்பாள் தலையில் கைவைத்துச் செய்யலாம் என்று போனேன்; அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தாள், கையைத் தட்டிவிட்டாள். ஆகவே தெருமுனை அம்மன் கோயில் சூலத்தைத் தொட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். என் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே இதில் இருக்கிறது. நம்பாதவர்கள் மூலக்குளத்துக்கு வந்து புருஷோத்தமன் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் காட்டுவார்கள். அதற்குக் காரணம் அந்தப் பாட்டு.

நான் மில்லில் தறி ஓட்டியவன். பக்கத்துத் தறியில் நின்றவன் செம்மல். மில் மூடிய பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். செம்மல் மட்டும் எங்கும் போகாமல், போகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் யாருக்கோ யோசனை சொல்லும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பாதி யோசனையோடு நின்ற அந்த ஆள் இன்னும் அந்த வேலையைத் தொடங்கவில்லை.

சாவு வீட்டில் பாட அரியாங்குப்பத்திலிருந்து சின்னப்பாப்பாவைக் கூட்டி வந்தார்கள். ஒப்பாரியில் இந்தப் பக்கத்தில் அவளுக்கு மேல் ஆள் இல்லை. அவள் வேலை செய்கிற விதமே தனி. வந்ததும் அழ மாட்டாள். செத்தவர் பேர் என்ன, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று விசாரிப்பாள். அந்தப் பேரைக் கொண்டுபோய் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் உட்கார வைப்பாள். அதைப் பேர் ஏற்றுவது என்பாள். பாடை தெருமுனையைத் தாண்டியதும் கடைசியாக ஓர் அடி பாடுவாள். அது இறக்குகிற அடி. பாடி முடித்து, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்துவிடுவாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் ‘வர்றேன்’ என்று சொல்வதில்லை அல்லவா, அதில் அவள் ரொம்பக் கண்டிப்பு.

அன்றைக்கு அவள் கொப்பளிக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

“ஏத்துன பேரை எறக்காம உட்டா அந்தப் பாட்டு வாயத் தொறந்துகினே கெடக்கும்ண்ணே,” என்றாள். “அடுத்தாப்ல எந்தப் பேரு மாட்டுதோ அதப் புடிச்சுக்கும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மைக் செட் போட்டவன் எதிர்வீட்டு வினோத்குமார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே ஸ்பீக்கர்தான். மைக் வழியாக எது வந்தாலும் லேப்டாப்பில் பிடித்து வைத்துக்கொள்வது அவன் பழக்கம். அன்று சின்னப்பாப்பா பாடியதில் ஓர் அடி வந்திருந்தவர்களை உலுக்கிவிட்டது.

வாசக் கதவு தொறந்திருக்கு
வச்ச செருப்பு காத்திருக்கு
எந்தத் தெருவுல நிக்கிறீங்க
எழுந்து வாங்க, செம்மலே.

செம்மலின் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் வினோத்குமார் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டான். அதே அடி. அதே குரல். அதன் பின்னால் டங்கு டங்கென்று ஒரு குத்துத் தாளம். நாலு வரி முடிந்ததும் மறுபடி முதல் வரி, மறுபடி, மறுபடி. நிற்கவே இல்லை.

“பேரு வர்ற எடத்த மட்டும் அறுத்துட்டேன் தாத்தா. செம்மல் தாத்தா பேரை வச்சு எவன் ஆடுவான். அங்க ஒரு பீட்டு காலியா உட்டுருக்கேன், யாருக்கு எந்தப் பேரு வேணுமோ போட்டுக்கலாம்.”

கடைசியில் அவள் பாடிய அடி எங்கே என்று கேட்டேன்.

“அது எதுக்கு. இருவது செகண்டுக்கு மேல எவன் கேக்கறான்.”

அப்போதே எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. எறும்பாக இருக்கும் என்று தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் அந்தப் பாட்டு. கடற்கரைச் சாலை காப்பிக் கடை ஒன்றில் வார்த்தையே இல்லாமல் சாக்ஸபோனில் வாசித்தார்கள். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு காப்பி குடித்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்கான சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பேரன் ஒருவன் பாரிசில் இருந்துகொண்டு நடுநடுவே பிரெஞ்சில் ஏதோ கோபமாகப் பேசி ஒன்று போட்டான். சின்னப்பாப்பாவின் குரல் அதிலும் இருந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சின்னக் குழந்தைகள் பட்டாம்பூச்சி இறக்கை கட்டிக்கொண்டு அதற்கு ஆடின. ஐஸ் வண்டிக்காரன் பழைய பாட்டை எடுத்துவிட்டு இதைப் போட்டான். குப்பை வண்டியும் போட்டது. ஒருவன் போட்டதை இன்னொருவன் எடுத்து, இழுத்து, குறுக்கி, வேகமாக்கிப் போட்டான். எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ‘எழுந்து வாங்க’ என்பதற்குப் பிறகு அந்தக் காலி இடம்.

காலி இடத்தில் முதலில் பேர் போட்டவர் பிரியாணிக் கடை வடிவேல். கடை திறப்புக்கு ‘எழுந்து வாங்க, வடிவேலு’ என்று தெருவே அதிரப் போட்டார்கள். திறப்பு விழா மாலை வாடவில்லை, கல்லாவில் உட்கார்ந்தபடியே வடிவேல் சாய்ந்துவிட்டார். எல்லோரும் மாரடைப்பு என்றார்கள்; சர்க்கரை, கொழுப்பு என்று காரணம் அடுக்கினார்கள். நானும் தலையாட்டினேன்.

அடுத்து ஒரு மாப்பிள்ளை. மண்டபத்துக்குள் அவன் ஆடிக்கொண்டு நுழைவதற்காக அவன் பேரைப் போட்டு ஒரு புதுப் பாட்டு. தாலி கட்டினான், சாப்பிட்டான், போட்டோ எடுத்தான், வண்டியில் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் லாரி. மாலை மட்டும் திரும்பி வந்தது. விதி என்றார்கள்.

மூன்றாவது ஒரு நாய். கதிர்காமத்தில் ஓர் அம்மாள் தன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடி அதன் பேரைப் போட்டு வீடியோ விட்டாள். கேக் தின்ற நாய், காலையில் வாசல் கதவைப் பார்த்தபடி விறைத்துக் கிடந்தது. நாய்க்கு விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாய்க்குச் சர்க்கரை, கொழுப்பு எதுவும் கிடையாது, விசாரித்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அந்தப் பாட்டு வரும் பக்கம் போவதில்லை.

ஒரு சமாதானம் இருந்தது. புதிதாக ஒருவர் பேரைப் போட்டதும் பழைய பேரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பாட்டு அடுத்த ஆளிடம் போய்விடும். நம்மிடம் வராதவரை கவலை இல்லை என்று இருந்தேன்.

என் எண்பதாவது பிறந்தநாளுக்கு மகள் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். கேக் வெட்டும்போது பேத்தி கார்குழலி சுவரில் படம் ஓட்டினாள். கூடவே ஸ்பீக்கர். நான் கத்தியைக் கையில் பிடித்திருக்கிறேன். வாசக் கதவு தொறந்திருக்கு என்று ஆரம்பித்தது. என் கை அப்படியே நின்றது. எழுந்து வாங்க, புருஷோத்தமா என்று முடிந்தது. வினோத்குமாரிடம் சொல்லி எனக்காகவே செய்யச் சொன்னாளாம், என்னிடம் சொல்லாமல் மூடி வைத்திருந்தாளாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு என்ன செய்வது. பயத்தில் என் வாய் கோணிக்கொண்டதை அவர்கள் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த முகத்தைத்தான் கார்குழலி வீடியோவாகப் போட்டாள். அந்த முகத்தைத்தான் ஊர் முழுக்கப் பார்த்து, தாத்தா என்ன அழகாகச் சிரிக்கிறார் என்றது.

அங்கேதான் வினை. அதற்குப் பிறகு யாரும் பேரை மாற்றவில்லை. கல்யாணம், காதுகுத்து, புதுக் கடை எதுவானாலும் புருஷோத்தமன்தான். அந்தப் பேரோடு ஆடினால்தான் ஆட்டம் என்று ஆகிவிட்டது. முன்பு ஆள் ஆளாகத் தாண்டிப் போன பாட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் போகிற ஆட்டோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. காய்கறி வாங்க நின்றால் கடைக்காரப் பெண்ணின் போன் கூப்பிட்டது. ஊரே எனக்கு ஒப்பாரி வைத்தது, ஆடிக்கொண்டே.

வினோத்குமாரிடம் போய் அதை அழித்துவிடு என்று கெஞ்சினேன்.

“நான் அழிச்சா எங்கிட்ட இருக்கறதுதான் தாத்தா அழியும். அது இப்ப எவன் எவன் கையிலயோ கெடக்குது.” என்னைத் தேற்றுவதாக நினைத்து, “அதுவும் உங்க பேரு பீட்டுல அப்டியே வந்து உக்காருது தாத்தா, செஞ்சு வச்சாப்ல,” என்றான்.

பஸ் ஏறி அரியாங்குப்பம் போனேன். சின்னப்பாப்பா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. ஐஸ் வண்டியில் தன் குரலையே கேட்டுவிட்டு அவள் அன்று சோறு தின்னவில்லையாம். “என்னைக் கேக்காமலே என் குரல் தெருத் தெருவா ஆள் தேடிகினு சுத்துதுண்ணே,” என்றாள்.

இறக்குகிற அடியைப் பாடிவிடு, முடித்துவிடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சாவு இல்லாத வீட்டில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் அந்த வீட்டில் சாவு விழும். என் வீட்டில் பாடினால் செல்வாம்பாள் தாலி, அவள் வீட்டில் பாடினால் அவள் பிள்ளைகள். வேறு எங்காவது சாவு விழ வேண்டும். அங்கே செத்தவர் பேரை இறக்கும்போது என் பேரையும் கூடவே இறக்கிவிடலாம். அதுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தேன். ஊரில் யார் இருமினாலும் திரும்பிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். படுத்த படுக்கையாக இருந்தவர்களை எல்லாம் போய் விசாரித்தேன். எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். நான் போய் விசாரித்தவர்கள் ஒருவர் தவறாமல் எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் கதிர்காமத்தில் அமுதவல்லி என்ற அம்மாள், நூறை நெருங்கியவர், பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். சின்னப்பாப்பாவைத்தான் அழைத்தார்கள். நான் முன்பே போய்ச் சாமியானாவில் உட்கார்ந்துகொண்டேன். மத்தியான வெயில். பாடை தெருமுனையைத் தாண்டியது. அவள் எழுந்து நின்று, என்னைப் பார்த்தபடி அந்தக் கடைசி அடியை எடுத்தாள்.

திரும்பிப் பாக்காம நடந்திருங்க
தெருவு முடிஞ்சா ஊரு இல்ல
பேரை இங்கயே வச்சுப்புட்டுப்
போய்ச் சேருங்க, அமுதவல்லி,
போய்ச் சேருங்க, புருஷோத்தமா.

சாமியானாவில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. வீடியோவில் சிரித்த தாத்தா என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த ஆள் நாற்காலியை மெல்ல நகர்த்திப் போட்டுக்கொண்டார். நான் செத்தவன் மாதிரி அசையாமல் இருந்தேன். இருக்க இருக்க நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கால் லேசாகியது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே அழுதேன்.

சின்னப்பாப்பா கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தாள். முகத்தில் அவளுக்கும் ஒரு நிம்மதி. நான் எழுந்து செருப்பைப் போட்டேன். எண்பது வருஷப் பழக்கம் ஐயா, நாக்கு என்னைக் கேட்கவில்லை.

“வர்றேன்மா சின்னப்பாப்பா,” என்றேன்.

அவளும் மனுஷிதானே. அவள் நாக்கும் அவளைக் கேட்கவில்லை.

“வாங்கண்ணே,” என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். வெயிலில் நிற்கிறேன், பல் தந்தியடிக்கிறது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதை எடுக்காமலே பேசினாள். இறக்கிய பேர் மறுபடி ஏறிவிட்டது. இதுவரை பாட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இப்போது நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவளும் வா என்றுவிட்டாள். இனி ஒரு தடவை அந்தப் பாட்டு என் பேரோடு முழுசாக என் காதில் விழுந்தால் நான் எழுந்து போக வேண்டியதுதான்.

“தப்பிக்க ஒரு வழிதான் இருக்குதுண்ணே. காதுல உழாம பாத்துக்கோங்க. கேக்காத பாட்டு யாரையும் கூப்புடாது.”

அமுதவல்லியம்மாள் மூக்கில் வைத்தது போக மிச்சம் இருந்த பஞ்சு ஒரு தட்டில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு நடந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கை ஸ்பீக்கர் பக்கம் போனதும் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தேன். டீக்கடையில் டிவி. எதிர்ப் பக்கம் ஒரு பெண் அழைப்பு ஊர்வலம், முன்னால் வினோத்குமாரின் அதே ஸ்பீக்கர். சந்துக்குள் ஓடினேன். சந்தில் ஐஸ் வண்டி. ஒவ்வொன்றும் ‘வாசக் கதவு’ வரை வரும், நான் ஓட்டமும் நடையுமாக அடுத்த வரிக்குள் தப்பித்துவிடுவேன். மண்ணில் குண்டு உருட்டிப் பெத்தாங் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் இரும்புக் குண்டைக் கையில் பிடித்தபடி என்னை வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பையிலும் அது ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தேன். செல்வாம்பாள் என்ன என்று கையால் கேட்டாள். அவள் என்னிடம் வாய் திறந்து பேசுவது அபூர்வம், எல்லாம் கை ஜாடைதான், அவ்வளவு சிக்கனம். ஒன்றும் இல்லை என்று நானும் கையால் சொன்னேன்.

மறுநாள் காலை. நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். குப்பையைக் கொடுக்கச் செல்வாம்பாள் வாசல் கதவைத் திறந்தாள். திரும்பி வந்தவள் என் காதில் பஞ்சைப் பார்த்தாள். காதுவலி என்று நினைத்தாளோ என்னவோ, நான் தடுப்பதற்குள் இரண்டையும் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, சாவு வீட்டு ஊதுபத்தி வாசனை கண்டு முகம் சுளித்து ஜன்னல் வழியாக எறிந்தாள்.

குப்பை வண்டி எங்கள் வாசலுக்கு நேரே டயர் பஞ்சராகி நின்றிருந்தது. பாட்டு நிற்கவில்லை.

வாசக் கதவு தொறந்திருக்கு என்றது. திறந்திருந்தது. வச்ச செருப்பு காத்திருக்கு என்றது. என் செருப்பு இரண்டும் படிக்கட்டில், வெளியே பார்த்தபடி இருந்தன. நான் அவற்றை உள்ளே பார்த்தபடிதான் விட்டிருந்தேன். எந்தத் தெருவுல நிக்கிறீங்க. கையால் காதைப் பொத்த நினைத்தேன், கை மடியிலிருந்து எழவில்லை. கட்டில் விளிம்பைப் பிடிக்கவும் விரல் மடங்கவில்லை. எழுந்து வாங்க. என் பாதம் இரண்டும் தரையைத் தேடின. செல்வாம்பாளைக் கூப்பிட்டேன், வாய்தான் அசைந்தது. புருஷோத்தமா.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி. டயரை மாற்றி முடிக்கும்வரை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இழுப்பாக, முழுசாகக் கேட்டேன். எத்தனை தடவை என் பேர் வந்தது என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. வண்டி கிளம்பியது.

நான் கட்டிலிலேயே இருந்தேன். செல்வாம்பாள் காப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடித்தேன். சர்க்கரை போதவில்லை.

சின்னப்பாப்பா இன்றுவரை என்னை எங்கே பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிறாள். அவள் வாய் கேட்பது ஒரே கேள்விதான்: அவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் எப்படி இன்னும் இருக்கிறீர்கள்.

மில் மூடுவதற்கு வெகுகாலம் முன்பே, தறிச் சத்தத்தில் என் இரண்டு காதும் அடியோடு போய்விட்டன. அதற்குப் பிறகு நான் எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை.